மல்லிகை கொடுத்தால் மாத்திரை வேண்டாமா?

‘தினம் ஒரு முழம் மல்லிகை கொடுங்கள், மனச்சோர்வு தீரும், மாத்திரையே வேண்டாம், அமெரிக்க ஆய்வு முடிவு’ என்று பாம்பன் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதி நிஜம், பாதி ஆபத்து.

2005இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வு வந்தது உண்மைதான். பெண்களுக்குப் பூங்கொத்து, பழக்கூடை, மெழுகுவத்தி என்று தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பூ வாங்கிய அத்தனை பேருக்கும் கண்ணோரம் சுருங்கும் அசல் சிரிப்பு. மல்லிகை நாற்றுக்குப் பேர்போன தங்கச்சிமடத்தில், வாழைநாரில் தொடுத்த சரத்தைப் பக்கத்து வீட்டு அக்கா நீட்டும்போது வருமே, அதே சிரிப்பு! ஆனால் அந்த ஆய்வில் யாருடைய மனச்சோர்வுக்கும் வைத்தியம் நடக்கவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பூ வியாபாரிகள் சங்கம். அதை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

பூவைத் தாராளமாகக் கொடுங்கள். மாத்திரையை நிறுத்துவதை மருத்துவர் சொல்லட்டும். பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்.