பச்சையைக் கண்டதும் அவிழ்த்துவிடாதீர்கள்

எங்களுக்குக் கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, விழுந்து வரப்பெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. மாடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் இப்படியொரு மழைக்குப் பிறகுதான் எங்கள் செவலை செத்தது. கோடை முழுக்க வைக்கோலும் காய்ந்த சோளத்தட்டும் தின்ற மாடு. இனியாவது வயிறாரத் தின்னட்டும் என்று அப்பா பகல் முழுக்கத் தோப்பில் கட்டினார். ஆறாம் நாள் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் திணறியது. வந்த மாட்டு டாக்டர், "திடீர்னு பச்சைக்கு மாத்தினீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். நுரையீரல் கெட்டிருந்தது. மறுநாள் விடியுமுன் போய்விட்டது.

காரணம் டிரிப்டோஃபேன் என்றார். புரதத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம். விஷமே இல்லை, மனநிலைக்கும் தூக்கத்துக்கும் வேண்டிய செரட்டோனின், மெலட்டோனின் எல்லாம் உடம்பு இதிலிருந்துதான் செய்துகொள்கிறது. ஆனால் மாடு தின்றது முதலில் அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களிடம்தான் போகிறது. காய்ந்த தீனிக்குப் பழகிய வயிற்றில் இளம்புல் திடீரென்று நிறைய விழுந்தால், அதிலுள்ள டிரிப்டோஃபேனை அவை ஸ்கேட்டோலாக மாற்றிவிடுகின்றன. சாணத்து வாடையில் இருக்கிறதே, அதே பொருள்தான். அது ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகிறது. அங்குள்ள நொதிகள் அதை இன்னும் கொடிய பொருளாக்க, நுரையீரல் செல்கள் சிதைந்து நீர் கோத்துக்கொள்கிறது. ஸ்கேட்டோலைக் கொடுத்தால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் இதே நோய் வருவதை 1972-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள்.

அப்புறம் ஏன் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை? தினமும் இரண்டு வேளை சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். கொழுப்பு எவ்வளவு என்று புள்ளி வரை பார்க்கிறார்கள். தீவன மூட்டையில் புரதம் இத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கிறது. அந்தப் புரதத்தில் என்ன இருக்கிறது, வயிற்றுக்குள் என்னவாக மாறும் என்று ஒரு வரி கிடையாது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு மக்காச்சோளத்தில் டிரிப்டோஃபேன் குறைவு என்று தெரியும். சோயா புண்ணாக்கு சேர்த்து ஈடுகட்டுகிறார்கள். கோழிக்குப் பார்க்கும் கணக்கை இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவருக்கும் சொல்லித்தர வேண்டும். மழைக்கு முன்பே சொசைட்டிச் சுவரில், தமிழிலும் மலையாளத்திலும், எழுதி ஒட்ட வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. வைக்கோல் போட்டு வயிற்றைப் பாதி நிரப்பிவிட்டு, முதலில் ஒரு மணி நேரம் மேயவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மூச்சு வாங்கினால் ஓட்டிக்கொண்டு அலையாமல் அங்கேயே டாக்டரை வரவழையுங்கள். நோய் முற்றிவிட்டால் காப்பாற்றுவது கடினம்.

செவலையின் கன்று இப்போது பால் மாடாகிவிட்டது. இன்றைக்கு ஒரு மணி நேரத்தில் பிடித்துக் கட்டிவிட்டேன். தோப்பைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கிறது.