யமுனையில் வெல்லம்

சென்ற வாரம் கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்த பையன் எனக்கு மருமகன் முறை. "ஏனுங்க மாமா, 33 வருடம் டெல்லியில் நிருபராக இருந்தீர்களே, எந்தப் பிரதமரோடு உங்களுக்கு நெருக்கம்?" என்றான். யாரோடும் இல்லை என்றேன். பையன் ரசத்துக்குப் போய்விட்டான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஓய்வு பெற்ற டெல்லி நிருபர்கள் நினைவலை எழுத உட்கார்ந்தால் ஒரே சங்கதிதான். பிரதமர் பெயர் சொல்லி அழைத்தார், அமைச்சர் காரில் ஏற்றிக்கொண்டார், தோளில் கை போட்டார். போடட்டும். அந்தத் தோளுக்கு உரியவர் அன்று சாயங்காலம் அலுவலகம் திரும்பி என்ன எழுதினார்? அரசு கொடுத்த அறிக்கையைத் தமிழாக்கி அனுப்பியிருப்பார். நானும் அதைத்தான் செய்தேன், அதற்குத்தான் சம்பளம். ஆனால் அதையே வாழ்க்கை வரலாறாக விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என்னைக் கேட்டால், அங்கிருந்து நான் எழுதியதில் இன்று எடுத்துப் படிக்கத் தகுந்தது பத்துப் பக்கம் தேறாது. எழுதாமல் விட்டதிலும், எழுதி வெட்டுப்பட்டதிலும்தான் ஏதோ இருக்கிறது.

நான் கவுந்தப்பாடிக்காரன். அய்யன் கரும்பு வைத்து, ஆலை போட்டு, வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் காய்ச்சியவர். 1977-இல் ஈரோட்டில் ரயில் ஏறிச் சென்னை போய், அங்கிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு உட்கார்ந்து டெல்லியில் இறங்கினேன். அலுவலகம் ரஃபி மார்க்கில், பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த கட்டடம், இன்று ஐ.என்.எஸ். கட்டடம் என்கிறார்களே, அதில் ஓர் அறை. வீடு கரோல்பாக்கில், மொட்டை மாடியில் ஒற்றை அறை. அதற்குப் பர்சாத்தி என்று பெயர். மழைக்கு ஒதுங்குகிற இடம் என்று அர்த்தம். மழை உள்ளேயும் வரும்.

செய்தியைத் தட்டிச் சென்னைக்கு அனுப்பும் எங்கள் டெலிபிரிண்டரில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்ப வேண்டும். எந்த லகரம், எந்த ளகரம் என்பது சென்னையில் இரவுப் பணியில் இருப்பவரின் தூக்கத்தைப் பொறுத்தது. 1978 செப்டம்பரில் யமுனை பெருகியது. பழைய இரும்புப் பாலத்தில் 207.49 மீட்டர். 2023 ஜூலையில் 208.66 மீட்டரைத் தொடும்வரை அதுதான் உச்சம். மாடல் டவுன் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்துவிட்டு வந்து பரபரவென்று தட்டினேன். மறுநாள் வெளியூர்ப் பதிப்பில் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: "யமுனையில் வெல்லம்". நகரப் பதிப்பில் திருத்திவிட்டார்கள். கவுந்தப்பாடிக்கு வந்தது வெளியூர்ப் பதிப்பு. அய்யன் அதைக் கத்தரித்துக் கடிதத்தில் வைத்து அனுப்பினார். உள்ளே ஒரே வரி: "அங்கே வெல்லம் மூட்டை என்ன விலை போகிறது?"

வீட்டுக்கார சர்தார்ஜிக்கு நான் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் நாட்டுச் சர்க்கரை கொண்டுவருவேன். முதல் தடவை ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்து, "இது எங்கள் ஊர்ச் சக்கர் அல்லவா?" என்றார். பஞ்சாபில் அதற்குப் பெயர் சக்கரேதான். சுடச்சுட ரொட்டியில் நெய் ஊற்றி, இதைத் தூவிச் சுருட்டிச் சாப்பிடுவார்கள். டெல்லியில் எனக்குக் கிடைத்த முதல் சொந்தம் அப்படி வந்தது.

1984 அக்டோபர் 31. காலையில் பிரதமர் இந்திரா காந்தி வீட்டில் துப்பாக்கிச் சூடு. சுட்டவர்கள் அவருடைய சீக்கியக் காவலர்கள். மருத்துவமனை வாசலில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே மரணச் செய்தி பரவிவிட்டது. அகில இந்திய வானொலி வாய் திறந்தது மாலை ஆறு மணிக்கு. ராஜீவ் காந்தி பதவியேற்ற செய்தியை அனுப்பிவிட்டு நான் வீடு திரும்ப நள்ளிரவு. அடுத்த மூன்று நாள் டெல்லியில் சீக்கியர்களுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அரசுக் கணக்குப்படி அந்த நகரத்தில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டார்கள்.

என் வீட்டில் நடந்தது யாருக்கும் தெரியாது. நவம்பர் 1 காலை கீழே இருந்த சர்தார்ஜி குடும்பத்தார் ஐந்து பேரும் எங்கள் பர்சாத்திக்கு ஏறி வந்தார்கள். மதராசி அறையை யாரும் சோதிக்க மாட்டார்கள் என்பது என் மனைவியின் கணக்கு. கடைசிப் பையனுக்கு ஆறு வயது, இடுப்பு வரை முடி. அவள் அவனை மடியில் உட்காரவைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, எங்கள் மகளின் பாவாடையைக் கட்டிவிட்டாள். அவன் அழவில்லை. சடையை மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டான். ஒரு கும்பல் கீழே வந்தது. கதவை உடைத்தது. மாடிப்படியில் என் மனைவி இரண்டு பெண் குழந்தைகளோடு நின்று, தெரிந்த நாலு இந்தி வார்த்தையில் ஏதோ சொன்னாள். போய்விட்டார்கள்.

நான் அப்போது எங்கே? அலுவலகத்தில். உலகத் தலைவர்கள் யார் யார் வருகிறார்கள் என்று பட்டியல் அனுப்பிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டேன். மறுநாளும் இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைத்தான் எழுதினேன். ஊர் பெயரைப் போட வேண்டாம், ஆள் பெயரைப் போட வேண்டாம், "ஒரு தாய் ஒரு பையனுக்குச் சடை பின்னினாள்" என்று மூன்று வரி எழுதியிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. செய்தி என்றால் அது தலைவர்கள் வீட்டு வாசலில் கிடைப்பது என்று பழகிப்போயிருந்தேன். எங்கள் வீட்டுப் படி கண்ணில் படவில்லை.

நான்கு வருடம் கழித்து ஒரு தடவை பட்டது. 1988 அக்டோபரில் விவசாயத் தலைவர் மகேந்திர சிங் திகைத் தலைமையில் மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகள் இந்தியா கேட் பக்கத்து போட் கிளப் புல்வெளியில் லட்சக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். டிராக்டர், கட்டில், ஹூக்கா, மாடு. எங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம். கரும்புக்கு விலை கொடு, மின் கட்டணத்தைத் தள்ளுபடி செய் என்று கேட்டார்கள். 31-ஆம் தேதி நடக்கவிருந்த இந்திரா நினைவு நாள் கூட்டத்தையே ஆளுங்கட்சி செங்கோட்டைப் பக்கம் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. டெல்லிப் பத்திரிகைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள். புல்வெளி பாழாகிறதாம்.

எனக்கு அது புல்வெளியாகவே தெரியவில்லை. 1972-இல் நான் கோவையில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பக்கத்து விவசாயச் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் பின்னால் வந்த விவசாயிகள் மாட்டு வண்டிகளால் நகரத்து வீதிகளை அடைத்தார்கள். அங்கேயும் மின் கட்டணம்தான். அதற்கு முன் 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்திருந்தார்கள். அந்த வண்டிகளுக்கு நடுவில் நின்றவன் நான். நாயுடு இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது, ஆனால் போட் கிளப்பில் கேட்டது அவர் பேச்சு மாதிரியே இருந்தது. டெல்லிப் புல்வெளி பற்றி இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம் அறுபதுகளில் மத்திய வேளாண் அமைச்சராக இருந்தபோது தன் பங்களாப் புல்வெளியை உழுது மெக்சிகோ கோதுமை விதைத்தவர். எங்கள் பக்கத்து ஆளுக்குச் சும்மா கிடக்கிற மண்ணைப் பார்த்தால் கை ஊறும்.

இதையெல்லாம் சேர்த்து எழுதினேன். போட் கிளப்பில் உட்கார்ந்திருப்பவர் யாரோ வடநாட்டார் அல்ல, கவுந்தப்பாடிக்காரர்தான், தலைப்பாகை கட்டு மட்டும் வேறு என்று. சென்னை மேசையில் கடைசி நான்கு பத்தியை வெட்டினார்கள். போக்குவரத்து நெரிசல் மட்டும் வந்தது. காரணம் கேட்டேன். "நீங்கள் டெல்லி நிருபர், ஊர்க்கதை எதற்கு?" என்றார்கள். அதோடு நானும் சண்டை போடுவதை விட்டுவிட்டேன். அடுத்த 22 வருடம் அமைதியாக அறிக்கைகளைத் தமிழாக்கினேன். இதுதான் எனக்கு என் மேல் இருக்கும் கோபம். டெல்லிக்கு ஒரு ஆளை ஊரிலிருந்து அனுப்புவதே அவன் ஊர்க் கண்ணோடு பார்ப்பான் என்பதற்காக. அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்ப்பதற்கு செய்தி நிறுவனம் போதும், நான் எதற்கு? இப்போது எத்தனையோ பத்திரிகைகள் அப்படித்தான் முடிவு செய்து டெல்லி அலுவலகத்தைச் சுருக்கிக்கொண்டன. அதற்கான நியாயத்தை எங்களைப் போன்றவர்களே எடுத்துக் கொடுத்தோம் என்று நினைக்கிறேன். நண்பர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

அந்த இரட்டைச் சடைப் பையன் இன்று நரைத்த தாடிக்காரன். 2020 குளிரில் டெல்லியின் சிங்கு எல்லையில் போராடிய விவசாயிகளுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் அழைத்தான். "ஆன்ட்டி எண்ணெய் வாசனை இன்னும் தலையில் இருக்கிறது" என்றான். அவள் அப்போது உயிரோடு இல்லை. கவுந்தப்பாடியிலிருந்து ஐந்து கிலோ சர்க்கரை அனுப்பினேன்.

கல்யாண வீட்டிலிருந்து வந்ததும் பரணில் தேடினேன். 1988 செய்தியின் கார்பன் நகல் கிடைத்தது. கரையான் தின்றது போக, வெட்டுப்பட்ட நான்கு பத்தியில் இரண்டு மிச்சம். நாளை இங்கே போடுகிறேன். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். லகர, ளகரத்தை நீங்களே பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.