ரிசல்ட் வரும் வரை அந்தப் பையனை விடுங்கள்

நேற்றிலிருந்து எந்த வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும், நிபா வைரஸ் காய்ச்சலோ என்ற சந்தேகத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்தப் பையன் போட்டோதான். ஊர், தெரு, அப்பா பெயர், எல்லாவற்றையும் போட்டாகிவிட்டது. மேலே சிவப்பு எழுத்தில் "கிருஷ்ணகிரியில் நிபா". யார் சொன்னது? ரத்தமும் தொண்டைச் சளியும் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போயிருக்கின்றன. ரிசல்ட் வரவில்லை. வரவில்லை என்றால் வரவில்லைதான்.

கேரளாவில் வேலை பார்த்தவன் காய்ச்சலோடு வந்தான், பேச்சு குழறியது, டாக்டர்கள் தனி வார்டில் வைத்தார்கள். சந்தேகப்படுவது அவர்கள் வேலை. மூளைக்காய்ச்சலில் தொடங்கி உண்ணிக்காய்ச்சல் வரை எதுவாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கத்தானே டெஸ்ட்? டெஸ்டுக்கு அனுப்பினாலே நோய் உறுதி என்று ஆகிவிடுமா?

"மக்களை உஷார்படுத்துவது தப்பா" என்பீர்கள். தப்பே இல்லை. காய்ச்சல் வந்தால் ஜி.எச்.சுக்குப் போகச் சொல்லுங்கள், வவ்வால் கடித்த பழத்தைத் தொடாதே, பழத்தைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடு என்று சொல்லுங்கள். அதற்கு அவன் அப்பா பெயர் எதற்கு? நோயாளியிடமிருந்து நிபா பெரும்பாலும் அவரை நெருங்கிப் பழகியவர்களுக்கு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் தொற்றும். அவர்களைக் கண்டுபிடித்துக் கவனிப்பது சுகாதாரத்துறையின் பொறுப்பு. குரூப் அட்மின் பொறுப்பு இல்லை.

"எவ்வளவு கொடிய நோய் தெரியுமா?" தெரியும். 2018-ல் கோழிக்கோடு, மலப்புறம் பக்கம் 17 பேர் இறந்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினி மே 21 அன்று போய்ச் சேர்ந்தார். அவரோடு வேலை பார்த்த நர்சுகள் பக்கத்தில் பஸ்ஸில் உட்காரக்கூட ஆட்கள் தயங்கினார்கள். அன்றைக்கு அதைப் படித்து உச்சுக் கொட்டினோமே, இன்றைக்கு நாம் செய்வது என்ன?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், இதை எங்கள் வீடு பட்டிருக்கிறது. 2020 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டிலேயே கொரோனா இல்லாத பச்சை மண்டலமாக இருந்தது நம் மாவட்டம் மட்டும்தான். அந்தப் பெருமை போனபோது யார் தலையில் பழியைப் போடலாம் என்று ஊரே அலைந்தது. பெங்களூரிலிருந்து வந்த என் அண்ணனுக்கு டெஸ்ட் எடுத்தார்கள். ரிசல்ட் வருவதற்குள் வாசலில் தகரம் அடித்தாகிவிட்டது. அண்ணி தண்ணீர் பிடிக்கப் போனால் பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள், அதுவரை அவரை அக்கா, அக்கா என்று கூப்பிட்டவர்கள். ரிசல்ட் நெகட்டிவ். தகரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணி இன்றுவரை அந்தக் குழாயடிக்குப் போவதில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடை மாத்திரைதான், ஜி.எச். பக்கமே வரமாட்டேன் என்கிறார். நிஜமாகவே ஒரு தொற்று வந்தால் இப்படி ஒளிந்துகொள்கிறவர்களால்தான் பரவும். அவர்களை ஒளியவைப்பது நாம்.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. ஃபார்வர்ட் செய்கிற நீங்களும் இல்லை.

இப்போது இன்னொன்று கிளம்பியிருக்கிறது, காவேரிப்பட்டணம் மாங்காயை வாங்காதே என்று ஒரு ஆடியோ. சீசன் நேரத்தில்! மரத்தைக் குத்தகைக்கு எடுத்து வட்டி கட்டிக்கொண்டிருப்பவன் வயிற்றில் அடிப்பதற்கு ஒரு நிமிட ஆடியோ போதும். பெங்களூரா மாங்காய்க்கு மண்டியில் விலை கேட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

எல்லாவற்றையும்விட என்னால் தாங்க முடியாதது இன்று காலை நடந்ததுதான். அந்தப் பையனின் சித்தப்பா வீட்டுப் பாலை சொசைட்டியில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் அவனைப் பொங்கலுக்கு அப்புறம் பார்க்கவே இல்லை. பக்கத்து ஊரில் தனியாக இருக்கிறார், கவனிக்க வேண்டியவர்கள் பட்டியலிலும் இல்லை. கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர் பாலைக் கன்றுக்கே விட்டுவிட்டாராம். நாளைக் காலை அவரோடு நானும் சொசைட்டிக்குப் போகிறேன். எந்தக் காரணத்துக்காகப் பால் வேண்டாம் என்பதைச் செயலாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்.