கொன்கோர்ட்டை வைத்து முடிவு கட்டலாகாது

"ஒலியை விட வேகமாகச் சென்ற பயணிகள் விமானமான கொன்கோர்ட் 27 ஆண்டுகள் சேவையில் பறந்தும் ஓசோன் படைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவே புதிய மீயொலி விமானங்களாலும் ஆகாது" என்று வாதிடுவது ஆபத்தான தவறு. சேவையில் இருந்தவை வெறும் 14 விமானங்கள். 1971இல் அமெரிக்க இரசாயனவியலாளர் ஹரல்ட் ஜோன்ஸ்டன் எச்சரித்ததோ 500 விமானங்களைப் பற்றி. கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் சாதாரண விமானம் 10 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில் செல்கிறது. கொன்கோர்ட் 18 கிலோமீற்றர் வரை ஏறியது. அந்த உயரத்தில் உள்ள, மழை கழுவிவிடாத படைமண்டலத்தில், விமானப் புகையிலுள்ள நைத்திரிக் ஒட்சைட்டு ஓர் ஓசோன் மூலக்கூறைச் சிதைத்து நைதரசன் ஈரொட்சைட்டாகி, பின்பு தனி ஒட்சிசன் அணுவொன்றுடன் தாக்கமுற்றுப் பழைய உருவுக்கே திரும்பி, அடுத்த ஓசோனைச் சிதைக்கத் தயாராகிறது. வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு இச்சமன்பாடுகளைக் கரும்பலகையில் எழுதும்போது, தாக்கத்தை விரைவுபடுத்தும் ஊக்கியான நைத்திரிக் ஒட்சைட்டு தீர்ந்துபோவதில்லை என்பதையே நான் அழுத்திச் சொல்வதுண்டு. மேலும், உயரம் கூடக்கூடத் தனி ஒட்சிசன் அணுக்கள் பெருகுவதால், இன்னும் உயரே பறக்கும் விமானத்தின் புகையில் இச்சுழற்சி வேகமெடுக்கும்.