பாதி மீசை

களியக்காவிளையில் கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் அந்த சலூன். பெயர்ப் பலகையில் மேல்வரி தமிழ், கீழ்வரி மலையாளம். ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் பூசை விடுவதற்குள் போய்விட்டால் கூட்டம் இருக்காது என்று போனேன். எனக்கு முன்னால் ஒரே ஒரு ஆள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் ஐ.டி. கார்டுப் பட்டை, ஞாயிற்றுக்கிழமையிலும். ஒரு ஆள்தானே என்று பெஞ்சில் உட்கார்ந்தது என் தப்பு. ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேனே தவிர, ஒரு வரி படிக்கவில்லை.

கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

தம்பி: இன்றைக்கு மீசையையும் எடுத்துவிடுங்கள் அண்ணாச்சி.

அண்ணாச்சி: (நுரை பிரஷ் அந்தரத்தில் நின்றது) அய்யோ மக்கா, வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று?

தம்பி: யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேலையை விடப் போகிறேன்.

அண்ணாச்சி: அப்படியானால் இனிமேல்தான் ஆகும். அப்பாவிடம் சொல்லியாயிற்றா?

தம்பி: இல்லை. முதலில் உங்களிடம்தான்.

அண்ணாச்சி: என்னிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும் என்றா?

தம்பி: அதுவும் ஒரு காரணம்.

அண்ணாச்சி: சரி, அந்தப் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டு, நுரை படும். என்ன குறை அந்த வேலையில்? 1990-ல் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் என்று ஐ.டி. கம்பெனிகளுக்கான வளாகம் வந்தபோது, நாட்டிலேயே முதல் பார்க் இதுதான் என்று இந்தக் கடையில் உட்கார்ந்துதான் பேசினோம். பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஊஞ்சல் ஆடலாமா என்று என் அப்பா கேட்டார்.

தம்பி: ஊஞ்சலாவது இருந்திருக்கலாம். நாங்கள் அமெரிக்காவில் நாய்க்கு இன்ஷூரன்ஸ் போடுகிற கம்பெனிக்கு வேலை செய்கிறோம்.

அண்ணாச்சி: நாய்க்கா?

தம்பி: பூனைக்கும் உண்டு.

அண்ணாச்சி: எனக்கே இல்லை. சரி, மேலே சொல்லு.

தம்பி: அந்த வெப்சைட்டில் கடைசியில் ஒரு பட்டன். அதை அமுக்கினால் பில் போய்ச் சேரும். பட்டன் பச்சையா, நீலமா என்று மூன்று வாரம் மீட்டிங். அவர்களுக்குக் காலை, நமக்கு ராத்திரி ஒன்பதரை. முந்தாநாள் முடிவாயிற்று.

அண்ணாச்சி: என்ன நிறம்?

தம்பி: சாம்பல்.

அண்ணாச்சி: இதற்கு எவ்வளவு தருகிறார்கள்?

தம்பி: பிடித்தம் போக 1,40,000.

அண்ணாச்சி: மாதத்துக்கா?

தம்பி: மாதத்துக்கு.

அண்ணாச்சி: சாம்பலுக்கா?

(இந்த இடத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாச்சி தண்ணீர் குடித்தார். நானும் மனதுக்குள் என் சம்பளத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.)

அண்ணாச்சி: விட்டுவிட்டு?

தம்பி: பாலியேட்டிவ் கேர்.

அண்ணாச்சி: படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்க்கிற வேலையா? யார் சொல்லிக் கொடுத்தது உனக்கு?

தம்பி: யாரும் சொல்லவில்லை. பாறசாலையில் என் அம்மச்சி படுத்த படுக்கையாக இருந்தாள் இல்லையா, பதினோரு நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். கேரளத்தில் 2008-லேயே இதற்கென்று அரசு ஒரு கொள்கை வகுத்தது. பஞ்சாயத்து நர்ஸ் வீடு தேடி வருகிறார். வந்தவர் எனக்குப் புரட்டச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். இழுக்கக் கூடாது, உருட்ட வேண்டும். இழுத்தால் தோல் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

அண்ணாச்சி: தெரியும்.

தம்பி: அம்மச்சிக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. என்னைக் கரண்ட் ஆபீஸ் பையன் என்றே நினைத்துக்கொண்டாள். கடைசி நாள் அம்மாவிடம் சொல்கிறாள்: "அந்தக் கரண்ட் பையன் நல்லவன், கையை மெதுவாக வைக்கிறான். போகும்போது ஒரு சாயா கொடுத்து அனுப்பு."

அண்ணாச்சி: கொடுத்தார்களா?

தம்பி: கொடுத்தார்கள். எட்டு வருஷமாக எனக்கு வருகிற அப்ரைசலில் 'எதிர்பார்த்த அளவு' என்று மட்டும்தான் இருக்கும் அண்ணாச்சி.

(நான் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினேன். அது மலையாளப் பேப்பர் என்று அப்போதுதான் கவனித்தேன்.)

அண்ணாச்சி பதில் பேசாமல் ஒரு புது பிளேடை உறையோடு மடக்கி ஒடித்தார். பாதியைக் கத்தியில் செருகினார். தம்பியின் மூக்கைப் பிடித்து மேலே தூக்கி, இடது பக்க மீசையை இரண்டே இழுப்பில் எடுத்தார். பிறகு நின்றுவிட்டார். மீதிப் பேச்செல்லாம் அந்த நிலையில்தான் நடந்தது.

அண்ணாச்சி: செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்கிறேன் தெரியுமா?

தம்பி: கடை லீவு. தூங்குவீர்கள்.

அண்ணாச்சி: எல்லைக்கு அந்தப் பக்கம் நீ சொல்கிற நர்ஸ் வருகிற வண்டி நிற்கும். ஏறிக்கொள்வேன். நாலு வீடு, சில நாள் ஐந்து வீடு. கட்டிங், ஷேவிங், நகம்.

தம்பி: நீங்களா! சொல்லவே இல்லையே?

அண்ணாச்சி: தலையை ஆட்டாதே, கத்தி இருக்கு. சொல்ல என்ன இருக்கு? இங்கே செய்கிறதைத்தான் அங்கேயும் செய்கிறேன். இருபது வருஷம் என்னிடம் வந்த ஒருவர் இரண்டு மாதம் வரவில்லை. ஆந்திராவுக்கு மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். பார்த்தால் பக்கவாதம். அந்த நர்ஸ்தான் வந்து கூப்பிட்டார். முதல் நாள் எனக்குக் கை நடுங்கியது.

தம்பி: உங்களுக்கா?

அண்ணாச்சி: இங்கே நாற்காலியில் உட்கார்ந்து "கன்னத்தை ஊது" என்றால் நீ ஊதுவாய். அவருக்கு ஒரு பக்கம் ஊதவே வராது. பல்லும் இல்லை. கன்னம் காற்றுப்போன பலூன் மாதிரி உள்ளே போகும். இரண்டு விரலால் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி சாய்கிற பக்கமே கத்தியைக் கொண்டுபோக வேண்டும். நர்ஸ் பின்னாலிருந்து கத்துகிறார், "அவர் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறார், கீறினால் நிற்காது" என்று. அன்றைக்கே ஒரு டிரிம்மர் வாங்கினேன்.

தம்பி: முடித்ததும் அவர் என்ன சொன்னார்? கண் கலங்கியிருக்குமே?

அண்ணாச்சி: கலங்கியது எனக்குத்தான். கண்ணாடியைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். வாய் குழறுகிறது, மகன்தான் காதை வைத்துக் கேட்டுச் சொன்னான். வலது கிருதா ஒரு நூல் ஏறியிருக்காம்.

தம்பி: ஏறியிருந்ததா?

அண்ணாச்சி: ஏறித்தான் இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

(தம்பி சிரித்தான். சிரித்தால் பாதி மீசை எப்படி இருக்கும் என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டான்.)

தம்பி: நீங்கள் என்னைப் பயமுறுத்தப் பார்க்கிறீர்கள். டாக்டர் ராஜகோபால் தெரியுமா? மயக்க மருந்து டாக்டர். 1993-ல் கோழிக்கோட்டில் சில பேரோடு சேர்ந்து இந்த பாலியேட்டிவ் கேரைத் தொடங்கினார். 2003-ல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற அமைப்பு. 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்ததும் ஆஸ்பத்திரிகளெல்லாம் வலியைக் குறைக்கிற மார்ஃபினைத் தொடவே பயந்தன. புற்றுநோய் வலியில் துடிக்கிறவனுக்கு மாத்திரை கிடையாது. அதற்காக வருஷக்கணக்கில் வழக்கும் மனுவுமாக அலைந்தவர்களில் அவர் ஒருவர். 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

அண்ணாச்சி: ஒரு மாத்திரைக்கு 29 வருஷமா?

தம்பி: ஆமாம். அவர் அந்தப் பெரிய வேலையை விட்டுவிட்டு வரவில்லையா?

அண்ணாச்சி: அவர் டாக்டர் வேலையிலிருந்து டாக்டர் வேலைக்கு வந்தார் மக்கா. நீ நாயிலிருந்து வருகிறாய். என்ன படிக்க வேண்டும் இதற்கு?

தம்பி: நர்ஸிங் டிப்ளமா என்றால் மூன்று வருஷம். சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. என்றால் இரண்டு வருஷம், எந்த டிகிரி இருந்தாலும் சேரலாம்.

அண்ணாச்சி: படித்து முடித்தால் சம்பளம்? 2018-ல் கேரளத்து பிரைவேட் ஆஸ்பத்திரி நர்ஸுகள் தெருவில் இறங்கிப் போராடித்தான் குறைந்தது 20,000 என்று அரசாணை வாங்கினார்கள். என் அக்காள் மகளும் அந்தக் கொடி பிடித்தவள். உன் வீட்டுக் கடன் தவணை எவ்வளவு?

தம்பி: 42,000.

(அண்ணாச்சி கண்ணாடியில் நுரையால் 20 என்று எழுதினார். கீழே 42. கோடு போட்டார். கழித்தார். விடை வழிந்து இறங்கியது.)

அண்ணாச்சி: மாதம் 22,000 பள்ளம். ஆறு மாதத்தில் உனக்கு நெஞ்சுவலி வரும். நாங்கள் வண்டி எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வர வேண்டும்.

தம்பி: பணம்தான் எல்லாமா அண்ணாச்சி?

அண்ணாச்சி: யார் சொன்னது? ஆனால் நீ அங்கேயே இருந்து மாதம் 20,000 கொடுத்தால் படித்த நர்ஸ் ஒருவருக்குச் சம்பளம். நீயே வந்தால் படிக்காத ஆள் ஒன்று. எது லாபம்?

தம்பி: கொடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதம் கொடுத்தேன்.

அண்ணாச்சி: மூன்றாம் மாதம்?

தம்பி: போன் வாங்கினேன்.

அண்ணாச்சி: பார், இந்த ஒரு பதிலுக்காகவே உன்னை எனக்குப் பிடிக்கும். நானும் சேவைக்குப் பணம் கொடுக்கிறவன்தான். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியை நிறுத்திவிட்டார்களா, நூறு அடி நடந்து அந்தப் பக்கம் போய் காருண்யா எடுப்பேன். ஏழைகளின் கேன்சர், கிட்னி வைத்தியத்துக்கென்று 2011-ல் தொடங்கிய சீட்டு அது. பரிசு விழவில்லை என்றால் தர்மம். விழுந்தால் அதிர்ஷ்டம்.

தம்பி: இதுவரை?

அண்ணாச்சி: தர்மம்தான்.

தம்பி: சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைகளில் ஒரு கிளினிக்குக்கு வாலண்டியராகப் போனேன். எந்த வேலை என்றாலும் செய்கிறேன் என்றேன். எங்கே வேலை என்று கேட்டார்கள். சொன்னேன். அவ்வளவுதான். மூன்று சனிக்கிழமையும் பிரிண்டர் ரிப்பேர். பிறகு எக்செல். நோயாளி பக்கமே விடவில்லை. சேவை செய்யப் போன இடத்திலும் பட்டன்தான்.

அண்ணாச்சி: பிரிண்டர் ஓடுகிறதா?

தம்பி: ஜோராக ஓடுகிறது.

அண்ணாச்சி: அதனால்தானா! போன செவ்வாய் என் கையில் வீட்டு விலாசமெல்லாம் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதுவரை கையெழுத்தைப் படிக்கத் தெரியாமல் ஒரு வீட்டில் போய், நல்லா நடமாடுகிற ஆளுக்கு ஷேவிங் செய்துவிட்டு வந்தேன்.

இந்த நேரத்தில் தம்பியின் போன் அடித்தது. ஆபீஸ். அமெரிக்காவில் சனிக்கிழமை நள்ளிரவு. வீடியோவைப் போடச் சொல்கிறார்கள். தம்பி கண்ணாடியைப் பார்த்தான், இடது பக்கம் மழித்த முகம், வலது பக்கம் மீசை. கேமரா கெட்டுவிட்டது என்று கூசாமல் சொன்னான். அதன்பிறகு பன்னிரண்டு நிமிஷம், கழுத்தில் துண்டும் தாடையில் காய்ந்த நுரையுமாகப் பேசினான். "சர்வரில் இடம் நிறைந்திருக்கும். பழைய லாக் எல்லாவற்றையும் பார். அழிக்காதே, அழிக்காதே! வேறு இடத்துக்கு மாற்று. இப்போது ரீஸ்டார்ட் கொடு. வந்ததா? பட்டனை அமுக்கிப் பார். வந்ததா?" வந்துவிட்டது போல. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆள் ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது.

அண்ணாச்சி: என்னவாம்?

தம்பி: ஒஹாயோவில் ஒரு நாய் சாக்லேட் தின்றுவிட்டது. நாய்க்கு அது விஷம். ஆஸ்பத்திரிக்காரன் பில் போடுகிறான், ஏறவில்லை.

அண்ணாச்சி: பாவம். பிழைத்ததா?

தம்பி: நாயைத் தெரியாது. பில் பிழைத்தது.

அண்ணாச்சி: இப்போது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அது எதற்கு?

தம்பி: (வெகுநேரம் கழித்து) பழக்கதோஷம்.

அண்ணாச்சி: சரி. மீதி மீசை என்ன செய்ய? எடுக்கிற வேலைதான் எனக்குத் தெரியும், ஒட்டத் தெரியாது.

தம்பி: எடுத்துவிடுங்கள்.

எடுத்தார். தண்ணீர் பீச்சித் துடைத்து, படிகாரக் கல்லை இழுத்துத் தேய்த்தார். தம்பி ஐந்து வயது இளமையாகவும், சற்று ஏமாந்தவன் போலவும் தெரிந்தான்.

தம்பி: அம்மா பார்த்தால் என்ன சொல்வாள்?

அண்ணாச்சி: யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாள். நான் கேட்டதுதான்.

பணத்தைக் கொடுத்துவிட்டுப் படி இறங்கினான். ரோட்டைத் தாண்டப் போனவனை அண்ணாச்சி வாசலில் நின்று கூப்பிட்டார்.

அண்ணாச்சி: லேய், பட்டை!

திரும்பி வந்தான். ஆணியிலிருந்து கார்டை எடுத்தான். கழுத்தில் போடாமல் பையில் போட்டுக்கொண்டான்.

தம்பி: நாளைக்கு வேண்டும் இல்லையா, இல்லையென்றால் கேட்டில் விட மாட்டான். செவ்வாய்க்கிழமை வண்டி எத்தனை மணிக்கு?

அண்ணாச்சி: ஏழுக்கு. எனக்குத் தலையைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். கூலி ஒரு சாயா.

தம்பி: லீவுக்கு என்ன காரணம் சொல்வது?

அண்ணாச்சி: நாய்க்கு உடம்பு சரியில்லை என்று சொல்லு, உங்கள் ஆபீஸில் உடனே கொடுப்பார்கள். அப்புறம், நகத்தை வெட்டிக்கொண்டு வா. ஒட்ட வெட்டு. அவர்கள் தோல் தாங்காது.

தம்பி விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டே ரோட்டைக் கடந்தான். தம்பானூர் பஸ் ஒன்று அவனுக்காக ஹாரன் அடித்து நின்றது.

என் முறை வந்தது. உட்கார்ந்தேன். துண்டைக் கழுத்தில் சுற்றியபடி, "மீசை?" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.