மாமாவின் துருக்கிப் பயணம்

(ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை. டல்லாஸிலிருந்து வடமேற்கே நாலரை மணி நேரக் கார்ப் பயணம். ஓட்டுவது மாப்பிள்ளை. பக்கத்தில் மாமா. 30 வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மகளைப் பார்க்க வந்து மூன்று வாரம் ஆகிறது.)

மாமா: மாப்பிள்ளை, துருக்கி துருக்கி என்கிறீர்கள், நான் பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேனே.

மாப்பிள்ளை: அது நாடு மாமா. இது டர்க்கி, இங்கே டெக்சாஸிலேயே ஒரு சின்ன ஊர். வான்கோழியை வைத்து வந்த பெயர். மொத்தமே 300 சொச்சம் பேர்தான்.

மாமா: அவ்வளவு பேருக்கு எங்கள் டிப்போவில் பஸ்ஸே விடமாட்டார்கள். அங்கே என்ன திருவிழா?

மாப்பிள்ளை: பாப் வில்ஸ் நாள். வெஸ்டர்ன் ஸ்விங் என்று ஓர் இசை இருக்கிறது, கிராமத்துப் பிடிலோடு ஜாஸ், ட்ரம்ஸ், ஸ்டீல் கிட்டார் எல்லாவற்றையும் கலந்து ஆடுவதற்கென்றே வாசிப்பது. 2011இல் அதை டெக்சாஸின் மாநில இசை என்றே அறிவித்துவிட்டார்கள். அதற்கு ராஜா என்றால் இந்த பாப் வில்ஸ்தான். இந்த டர்க்கியில் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர்.

மாமா: எங்கள் ஊரிலும் காலையில் கத்தரி பிடித்த கைதான் சாயங்காலம் நாகஸ்வரம் பிடிக்கும். அப்புறம்?

மாப்பிள்ளை: அப்புறம் 1931இல் ஃபோர்ட் வொர்த் பக்கம் ஒரு கோதுமை மாவு மில்லுக்காக ரேடியோவில் வாசித்தார். குழுவின் பெயரே மாவின் பெயர்தான், லைட் கிரஸ்ட் டோபாய்ஸ். மில் மேனேஜர் ஓடேனியல் என்பவர், ஜனங்கள் ஆடுகிற இடங்களில் போய் வாசிக்கக் கூடாது என்று தடை போட்டார். பாடகர் முதலில் விலகினார், 1933இல் மேனேஜர் வில்ஸையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மாமா: மேனேஜர் என்றாலே அப்படித்தான். அந்த ஆள் என்ன ஆனார்?

மாப்பிள்ளை: ரேடியோவில் பேசிப் பேசியே பிரபலமாகி, 1938 தேர்தலில் நின்று டெக்சாஸுக்கு கவர்னர் ஆகிவிட்டார். இங்கே கவர்னர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி.

மாமா: (நிமிர்ந்து உட்கார்ந்து) பாட்டுக் குழுவை வைத்துக் கோட்டையைப் பிடித்தாரா? இதை நேற்றே சொல்லியிருந்தால் முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லியே இருக்கமாட்டேன். நம் ஊர்தான் மாப்பிள்ளை இது. சரி, காரில் ஓடுகிற இந்தப் பாட்டுக்கு நடுவில் யாரோ 'ஆ...ஹா' என்று கத்துகிறாரே, காலில் ஆணி ஏறிவிட்டதா?

மாப்பிள்ளை: அதுதான் பாப் வில்ஸ்! பெரும்பாலும் பாடுவது டாமி டங்கன். வில்ஸ் பிடில் வாசிப்பார், யார் முறையோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், நடுநடுவே ஆஹா.

மாமா: பாடுகிறவர், ஆஹா சொல்கிறவர். யாருக்குச் சம்பளம் அதிகம்?

மாப்பிள்ளை: ஆஹா சொன்னவர்தான் மாமா சம்பளமே கொடுக்கிறவர்.

(இரவு. ஆட்டம் நடக்கும் கூடம். வாசல் ஓரமாக இரண்டு நாற்காலி.)

மாமா: தரையில் என்னவோ பொடி தூவுகிறாரே, கோலமாவா?

மாப்பிள்ளை: மெழுகுப் பொடி. பூட்ஸ் நன்றாக வழுக்குவதற்கு.

மாமா: எங்கள் வீட்டில் வழுக்கக் கூடாது என்று மண் போடுவோம், இவர்கள் வழுக்குவதற்குக் காசு செலவழிக்கிறார்களே! அது இருக்கட்டும், எல்லாரும் அப்பிரதட்சிணமாகச் சுற்றுகிறார்கள், கவனித்தீர்களா? ஒருவர்கூட வலம் வரவில்லை.

மாப்பிள்ளை: அதுதான் இங்கே விதி. கடிகாரத்துக்கு எதிர்த் திசையில்தான் போக வேண்டும். வேகமாக ஆடுகிறவர்கள் வெளி ஓரம், மெதுவாக ஆடுகிறவர்கள் உள்பக்கம். ஸ்டெப் சுலபம், இரண்டு வேகம், இரண்டு நிதானம். போனில் பார்த்து இரண்டு வாரமாகக் காரேஜில் பழகியிருக்கிறேன்.

மாமா: ராத்திரி காரேஜில் பெருச்சாளி என்று பயந்துகொண்டிருந்தேன், நீங்கள்தானா?

(தொப்பி வைத்த வயதான அம்மாள் ஒருவர் மாமாவிடம் வந்து ஏதோ கேட்கிறார். மாமா "யெஸ், யெஸ்" என்று நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறார். அவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொள்கிறார்.)

மாமா: மாப்பிள்ளை! நாற்காலி வேண்டுமா என்றுதானே கேட்டார்?

மாப்பிள்ளை: ஆட வருகிறீர்களா என்று கேட்டார் மாமா. நீங்கள் இரண்டு தடவை யெஸ் சொல்லிவிட்டீர்கள்.

(மாமா போகிறார். முதல் சுற்றில் பழக்க தோஷத்தில் வலமாகத் திரும்ப, எதிரே வந்த மூன்று ஜோடிகள் பிரேக் போட்டு நிற்கின்றன. அந்த அம்மாள் அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுகிறார். அப்புறம் மாமா நிற்கவே இல்லை. அடுத்த பாட்டுக்கு மாப்பிள்ளையும் இறங்கி, வேகம் எது நிதானம் எது என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே இரண்டு பேர் காலை மிதித்துவிட்டுத் திரும்புகிறார். நாலு பாட்டு கழித்து மாமா வருகிறார், நெற்றி முழுக்க வியர்வை.)

மாப்பிள்ளை: மாமா, எங்கே கற்றுக்கொண்டீர்கள் இதை?

மாமா: எதைக் கற்றுக்கொள்வது? ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் 30 வருடம் நின்ற கால் இது. வளைவில் சாய வேண்டும், பள்ளம் வந்தால் முட்டியை மடக்க வேண்டும், யாரையும் மிதிக்கக் கூடாது. நீங்கள் எண்ணிக்கொண்டே ஆடினீர்கள், அதுதான் தப்பு. கடைசி ஸ்டாப்பில்தான் எண்ண வேண்டும். முட்டி வலியைப் பற்றி மட்டும் அத்தையிடம் மூச்சு விடாதீர்கள்.

மாப்பிள்ளை: அத்தை வீடியோ காலில் வந்தார் மாமா. நீங்கள் அந்த அம்மாளோடு மூன்றாவது சுற்றில் இருந்தீர்கள்.

மாமா: ஐயையோ! என்ன சொன்னீர்கள்?

மாப்பிள்ளை: இது ஒரு கோயில், மாமா சுற்றி வந்து கும்பிடுகிறார் என்றேன்.

மாமா: நம்பினாளா?

மாப்பிள்ளை: "கோயில் என்றால் ஏன் அப்பிரதட்சிணமாகப் போகிறார்?" என்று கேட்டார்.