12ஆம் குழியை கம்ப்யூட்டர் போட்டிருக்குமா?

கோல்ஃப் மைதானம் அமைப்பது இப்போது முழுக்க கம்ப்யூட்டர் வேலையாகிவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கு அடியில் நடப்பது சுத்த விஞ்ஞானம்தான். அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் முறைப்படி கீழே 4 அங்குலம் ஜல்லி, அதன்மேல் 12 அங்குலம் மணல் கலவை. மழை விட்டதும் தண்ணீர் வடியணும், வேருக்கு ஈரமும் மிஞ்சணும். இங்கே கைவண்ணம் காட்டினால் புல் அழுகிப்போகும்.

ஆனால் அமெரிக்காவின் புகழ்பெற்ற அகஸ்டா மைதானத்தின் 12ஆம் குழியைப் பாருங்கள். முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து வெறும் 155 கஜம்தான். எதிரே ஓடை, அதை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும் ஒடுங்கலான கிரீன். மரங்களுக்கு இடையில் காற்று சுழல்வதால் எந்த கிளப்பை (மட்டையை) எடுப்பதென்று சாம்பியன்களே முழிப்பார்கள். 2016-இல் இங்கே நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் முன்னிலையில் இருந்த அமெரிக்க வீரர் ஜோர்டன் ஸ்பீத் இரண்டு பந்துகளைத் தண்ணீரில் விட்டு, பந்தை 3 முறை அடித்து முடிக்க வேண்டியதை 7-இல் முடித்தார்.

கோல்ஃப் சாம்பியன் பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து இந்த மைதானத்தை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்சி படித்தது மருத்துவம். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷார் நடத்திய போயர் போரில் எதிரிகள் பதுங்குகுழிகளை நிலத்தோடு நிலமாக மறைத்ததைக் கவனித்தவர். அந்தக் கண்கட்டு வித்தையைத்தான் மைதானத்தின் மணல் குழிகளான பங்கர்களில் வைத்தார். பாவம், 1934 ஜனவரியிலேயே காலமானார். மார்ச்சில் அங்கே நடந்த முதல் மாஸ்டர்ஸ் போட்டியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.